பழைய துணிதான் என்றேன்

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கூடையில் என்ன என்று யார் கேட்டாலும் பழைய துணி என்போம். அடியில் நகையே இருந்தாலும் அதே பதில்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்தப் பாடம் மட்டும் மறக்கவே இல்லை.

அன்று என் ஒயர் கூடையில் இருந்தது லேப்டாப். மகள் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. கல்யாணமாகி அரியலூருக்குப் போனவள் அதைக் குரும்பலூரில் என்னிடமே விட்டுவிட்டாள். அதற்குள் அவள் கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தன. கூடவே நான் கும்மியடித்த வீடியோவும் இருந்தது.

நானும் கும்மியும்! ஆள் வந்தாலே அடுப்படிக்குள் போய் நின்றுகொள்பவள் நான். கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். மகளின் சிநேகிதி போனில் எடுத்துவிட்டாள். காற்றில் பந்தல்கால் ஆடுவதுபோல ஆடியிருக்கிறேன். ஊரெல்லாம் வலப்பக்கம் குனிந்தால் நான் இடப்பக்கம். பார்த்ததும், "அழிச்சுடுடி, மானம் போவுது" என்று கத்தினேன். அதற்குப் பிறகும் மகள் வரும்போதெல்லாம் அதையே சொன்னேன்.

அவள் அந்தப் பக்கம் பஸ் ஏறியதும் இந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டு அதைப் பார்ப்பேன். திரையில் எந்த மஞ்சள் பெட்டியை இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று கற்றுவைத்திருந்தேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தை அடக்கிவிடுவேன். வீடியோவில் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அந்தப் பொம்பிளை எனக்குப் பிடித்திருந்தாள்.

ஒருநாள் லேப்டாப் பாதியில் நின்றுபோனது. மகள் போனில், "பெரம்பலூர்ல கடையில குடுத்துடும்மா" என்றாள். துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து சீட்டுக்காரம்மா கேட்டாள்: "கூடையில என்னக்கா, கனமா இருக்கு?"

"பழைய துணிதான்."

கடைக்காரர் நரை விழுந்த மனிதர். திறந்து பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போயிடுச்சும்மா. வேற மாத்தணும். உள்ள முக்கியமா எதாச்சும் இருக்கா? இருந்தா எடுத்துப் பாக்கறேன், கொஞ்சம் நாளாவும்" என்றார்.

இருக்கிறது என்றால் என்ன என்று கேட்பார். எடுத்தால் பார்ப்பார். பார்த்தால் நான் ஆடுவேன். பஸ்ஸில் பேசிய அதே வாய் முந்திக்கொண்டது: "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் பழசுதான்."

"அப்ப தூக்கிப் போட்டுடறேன்."

சரி என்று தலையை ஆட்டினேன்.

அவர் மாற்றிக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து திறந்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. மஞ்சள் பெட்டியைத்தான் காணோம். கல்யாணம் நடந்த அடையாளமே இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் கடைக்கு ஓடினேன்.

"என்னம்மா, ஓடலையா?"

"நல்லா ஓடுதுங்க."

"அப்புறம்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி, வேண்டாத மவுஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடை ஓரத்தில் கழற்றிப் போட்ட சாமான்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் எது நான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே மகள் வந்தாள். லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள்.

"என்னம்மா, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்யாணப் படமெல்லாம் எங்கிட்டயும் இருக்கும்மா. நீ ஆடுனத மட்டும்தான் எடுத்துக்கல. நீதான் அந்தக் கத்து கத்துனியே. எடுத்த சிநேகிதியும் போனை மாத்திட்டா. வுடு, உனக்கு நிம்மதி."

அவளுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றது.

"நிம்மதியெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அது வேணும்டி."

அவள் சோற்றுக் கையோடு என்னையே பார்த்தாள். "பாப்பியா?"

"ம்."

"எங்களுக்குத் தெரியாம?"

"ம்."

மகள் கை கழுவிவிட்டு வந்து போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். "வா, இப்ப ஆடு."

"போடி, பைத்தியம்."

"அப்ப வேணாமா?"

பழைய துணி என்று சொல்ல இந்த முறை வாய் வரவில்லை. "கதவச் சாத்து" என்றேன்.

அவள் பாட, நான் கும்மியடித்தேன். முட்டி வலியோடு இரண்டு சுற்று. பிறகு ஓட்டிப் பார்த்தோம். முன்னதைவிடக் கேவலம். சுற்றுவதற்கு ஆளில்லாமல் ஒற்றைப் பந்தல்கால். ஆனால் பல் தெரிகிறது.

"ஐயய்யோ, அழிச்சுடுடி!" என்று பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"சரி" என்று அவள் விரலைக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.