கைப்பையில் ஒட்டிய சிவப்பு அம்பு

அன்பானவர்களே, சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தால் இந்த எஸ்தர் லேசில் விடமாட்டாள் என்று நம் சபையில் ஒரு பேச்சு உண்டு. அதனால் எழுதியே தருகிறேன்.

போன நவம்பரில் நான் எத்தியோப்பியாவில் இருந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் பார்க்கிறவள். எங்கள் கம்பெனி அங்கே புதிதாகத் திறந்த ஆலையில் பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க மூன்று மாதம் அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சூலூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். நிறைமாதமாக இருந்த மகள் ஷீபாவுக்கு வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். ஞாயிறு காலை ஆபரேஷன், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார். என்னிடம் பணம் இருந்தது. ஆனால் அத்தனையும் அந்த நாட்டுப் பணம். சூலூரில் அதைக் கொடுத்தால் ஒரு டீ கூடக் கிடைக்காது. பாங்கில் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மானேஜரிடம் கேட்டிருக்கலாம். நம் ஊர்க்காரர்தான். ஆனால் சிடுமூஞ்சி. அவரிடம் கைநீட்ட எனக்கு மனம் வரவில்லை. அங்கே வேலை செய்யும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் கஷ்டத்தைப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். பெயர் ஜோசப் என்றார்.

“ஏனுங்க்கா, ஸ்தோத்திரமுங்க. நம்மூருங்களா? எனக்குப் பெருந்துறைங்க. இங்கத்திப் பணத்தை எங்ககிட்டக் குடுத்துபோட்டீங்கன்னா, அடுத்த நிமிசம் ஊட்டுக்காரர் கணக்குல ரூபா ஏறிருமுங்க. பாங்கை விட நல்ல ரேட்டுங்க.”

அந்த ‘ங்க’வைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. நாம்தான் ஒருவரை ஊர் கேட்காமல் விடமாட்டோமே, நானும் கேட்டேன். “பெருந்துறைல எங்கீங்க?” “தொழிற்பேட்டைப் பக்கமுங்க்கா.” அவ்வளவுதான், எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. பெருந்துறை என்றால் தொழிற்பேட்டை என்று யாருக்குத்தான் தெரியாது! அதை அப்போது யோசிக்கவில்லை. வீட்டுக்காரரும், “நம்ம பையன்தானே அம்மணி, குடுத்துபோடு” என்றார்.

சனிக்கிழமை மதியம் ஆலை வாசலுக்குக் கார் வரும், பணத்தோடு தனியாக ஏறி வாருங்கள், ஏரிக்கரையில் ஒரு வீட்டில் வாங்கிக்கொள்வோம் என்றார். காலையில் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, இந்தக் காரியத்தில் தப்பு இருந்தால் எனக்குத் தெரிகிற மாதிரி காட்டும். எனக்கு மண்டையில் ஒன்றும் ஓடவில்லை” என்று ஜெபித்தேன். எப்படிக் காட்டுவாரோ என்று ஒரு ஆவல் கூட இருந்தது. மதியம் வரை ஒரு அடையாளமும் இல்லை. சரி, அவருக்குச் சம்மதம்தான் என்று பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இங்கே எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணியில் தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டிய பீஸ் பெட்டிக்குப் போகக் கூடாது. இன்னொருவர் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சந்தேகம் வந்தாலே ஒட்டு, காரணம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அங்கே நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் அல்மாஸ். என் வயதுக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய். நல்ல பீஸுக்கும் ஒட்டிவிடுவாள். “உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகமா?” என்று தினமும் திட்டுவேன். எங்களுக்குள் பொதுப் பாஷை கிடையாது; பாடத்தை ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்தான் மாற்றிச் சொல்வாள். திட்டு மட்டும் அவளுக்கு நன்றாகப் புரியும்.

வாசலில் கார் நின்றது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பின்னாலேயே அல்மாஸ் ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து என் கைப்பையில் ஒட்டினாள்!

டிரைவர் என்னமோ கத்தினான். அவள் அசையவில்லை. ஸ்டிக்கர் ஒட்டியதை இருபது வருடத்தில் ஒருநாளும் நான் பார்க்காமல் அனுப்பியதில்லை. உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தேன். அந்தக் கார் ஒரு நிமிடம் கூட நிற்காமல் போய்விட்டது.

ஜோசப்புக்கு எழுதினேன். “தம்பி, முதல்ல ரூபாயைப் போடுங்க. வந்ததும் ஆலை வாசல்லயே எல்லாரும் பார்க்கப் பணத்தைக் குடுத்தர்றேன்.” படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. சற்று நேரத்தில் அவர் படமும் காணோம், அவரைக் குழுவிலும் காணோம்.

அழுதுகொண்டே மானேஜரிடம் போனேன். “ஏனுங்க்கா, இதை நேத்தே சொல்லறதுக்கென்ன? என்னைப் பார்த்தா புலியாட்டவா இருக்குது?” என்றார். திருப்பூர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டார். அரை மணியில் வீட்டுக்காரர் கணக்கில் ரூபாய் ஏறிவிட்டது. மறுநாள் காலை ஷீபாவுக்கு ஆண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்!

உனக்கு எப்படித் தெரிந்தது என்று அல்மாஸிடம் அந்த ஆங்கிலம் தெரிந்த பெண்ணை வைத்துக் கேட்டேன். அவள் சொன்னது: “எனக்கு ஒன்றும் தெரியாது. காத்து நின்ற நேரமெல்லாம் அவன் இன்ஜினை நிறுத்தவே இல்லை. சந்தேகம் வந்தது. காரணம் அப்புறம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.” நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அது புரிந்ததோ என்னவோ, சிரித்தாள்.

அந்த ஜோசப் மோசக்காரர்தானா? சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. பெருந்துறை பஸ்ஸில் யாராவது “ஏனுங்க்கா” என்றால், அந்தக் குரலா என்று திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று தெரியும். ஜெபித்துவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலோ நான் தினம் திட்டியவளின் சட்டைப் பையில் இருந்தது. இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு, யார் கையால் பதில் வருகிறதென்று பாருங்கள். பேரன் இப்போது தவழ்கிறான். என் கைப்பையைக் கண்டால் அந்தச் சிவப்பு அம்பைச் சுரண்ட வருகிறான். அதை மட்டும் நான் பிய்க்க விடுவதில்லை.