கரியாலூர் ஜீப்

இட ஒதுக்கீடு கேட்டு இன்று மறியல். கல்வராயன் மலையடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

"மேல யாரப் பாக்கணும்? பேரச் சொல்லுங்க, வுட்டுடறேன்" என்றார் போலீஸ்காரர்.

மலைமேல் கரியாலூரில் ஆறு வருடமாக எனக்குப் பறவைகளைக் காட்டுகிற ஜீப் டிரைவரைத்தான் பார்க்கப் போனேன். போனைத் திறந்தால், அவர் நம்பர் 'கரியாலூர் ஜீப்' என்றுதான் இருக்கிறது.

பறவைகளின் அறிவியல் பெயர்களுக்குள் இருக்கும் வெள்ளைக்காரர்களைத் தேடித் தேடி எழுதுகிறவன் நான். அவர்கள் மனைவிமார் பெயர்கூட எனக்குத் தெரியும்.

"இன்னா சார், பேரு தெரியாமயா போய்க்கினு இருக்கீங்க?"

வண்டியைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஜீப் டிரைவரே போன் செய்தார்.

"இன்னும் காணமேன்னு பாத்தேன் சார். நீங்க கேட்ட குருவி வந்திருக்குது."

அப்போதும் நான் கேட்கவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒருவரிடம் பெயரை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.