பொருட்காட்சிக்குக் கயிறு கட்டிப் போனோம்

தீவுத்திடலில் பொருட்காட்சி போட்டால் எங்கள் இறால் ஷெட்டில் வேறு பேச்சே இருக்காது. கை இறாலை உரிக்கும், வாய் ராட்டினத்தில் ஏறி இறங்கும். நான் மட்டும் பேச மாட்டேன். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூட வேறு யாராவது இறங்கினால் பின்னாலேயே இறங்குவேன். இல்லையென்றால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன்.

அந்த வருஷம் போகலாமா வேண்டாமா என்பதே தகராறாக இருந்தது. முந்தின வருஷம் எங்களில் ஒருத்தி கூட்டத்தில் தவறிப்போய், தனியாக ரயிலேறி, பயத்தில் திருவொற்றியூரில் இறங்க மறந்து மீஞ்சூர் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் திரும்பி வந்தவளைக் குப்பமே கூடி வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து அவள் மீஞ்சூர்க்காரி. ராத்திரியில் பொம்பளைகள் தனியாகப் போகக் கூடாது என்று ஆம்பிளைகள் சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா மீன் ஏலம் விடுகிறவள். அவளை எதிர்த்து யாரும் பேச முடியாது. “தொலைஞ்சாத்தான போவக் கூடாது? தொலையாம போய்ட்டு வந்தா இன்னா சொல்லுவானுங்க?” என்று கேட்டாள். கட்டுமரம் கட்டுகிற தேங்காய்நார்க் கயிறு அவள் வீட்டில் கிடந்தது. அதை எடுத்து வந்தாள்.

ஐந்து பேர் கிளம்பினோம். எங்கள் இடது கை வளையல்களைக் கழற்றச் சொல்லி, மணிக்கட்டில் துணியைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டினாள். ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவே ஒரு கை நீளம். முதலில் அவள், இரண்டாவது நான், எனக்கு அடுத்து மீஞ்சூர்க்காரி. கடைசியில், ஷெட்டில் என் பக்கத்தில் உட்காருகிற, கூடப்பிறந்த பெண்கள் இரண்டு பேர்.

“கயித்த ஒரு தபா இஸ்தா எல்லாரும் நில்லுங்க. ரெண்டு தபா இஸ்தா எவனோ வம்பு பண்றான்னு அர்த்தம். யாரு எவருன்னு கேக்காத, திரும்பிச் சாத்து” என்றாள்.

கட்டி முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீரை எல்லா முடிச்சிலும் ஊற்றினாள். கட்டுமரத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். நார் ஊறி உப்பி முடிச்சு இறுகிக்கொள்ளும். கடலே இழுத்தாலும் விடாது. அப்படியானால் எப்படி அவிழ்ப்பது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பஸ்ஸில் அவளும் நானும் முன்வாசலில் ஏறினோம். மற்ற மூன்று பேரும் பின்வாசலுக்கு ஓடப் பார்த்தார்கள். கயிறு பஸ்ஸுக்கு வெளியே விறைத்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, பஸ்ஸையும் சேத்துக் கட்டி இஸ்துகினு போப்போறீங்களா?” என்றார். இறங்கி, ஒரே வாசலில் வரிசையாக ஏறினோம்.

பொருட்காட்சியில் முதலில் ஆளுக்கொரு ரோஸ்மில்க். பிறகு ராட்டினம். ராட்டினக்காரர் ஒரு பெட்டிக்கு நாலு பேர்தான் என்றார். “ஒருத்திய மடியில வச்சிக்கிறேன்” என்றாள் அக்கா. யாரை என்று அவர் கேட்டதற்கு என்னைக் காட்டினாள். “இவளத்தான். இவ வாயே தொறக்க மாட்டா.”

அவள் மடியில் உட்கார்ந்து மேலே போனேன். ஒவ்வொரு முறை பெட்டி கீழே இறங்கும்போதும் பயத்தில் அவள் என் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள். குடித்த ரோஸ்மில்க் அங்கேதான் இருந்தது. கீழே இறங்கியபோது எனக்கு நிற்க முடியவில்லை. கக்கூஸுக்குப் போக வேண்டும். இத்தனை ஜனத்துக்கு நடுவில் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கயிற்றை ஒருமுறை இழுத்தேன். எல்லாரும் நின்றார்கள். நின்று, வளையல் கடையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தாங்கவில்லை. இரண்டுமுறை இழுத்தேன்.

அக்கா திரும்பினாள். என் பின்னால் ஒரு ஆள் முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்தாள். அப்பளம் தூள்தூளாகியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், “ஐயோ, கொல்றாங்க!” என்று கத்தினார்.

பெண் போலீஸ் ஒருவர் ஓடி வந்து கயிற்றைப் பார்த்தார். “எந்த ஜெயில்லேர்ந்து வந்துகினு கீறீங்க?”

“சேஃப்டிக்குக் கட்டிக்கினோம் மேடம்” என்றாள் அக்கா.

“அவுருங்க.”

“அவுறாது மேடம். தண்ணி ஊத்திக் கட்டினது.”

அவரே அவிழ்க்கப் பார்த்தார். நகம் உடைந்ததுதான் மிச்சம். கோபத்தோடு, “எவ இஸ்தது?” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இந்தாளு உன்ன இன்னா பண்ணான்?”

“அப்பளம்தாம்மா துன்னேன்!” என்றார் அவர்.

போலீஸின் காதில் மெல்லச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, “ஒண்ணுக்கு வருதாம்பா! வழி வுடுங்க!” என்றார். விசில் ஊதிக்கொண்டே முன்னால் நடந்தார். எங்கள் ஐந்து பேருக்கும் ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. சாமி ஊர்வலத்துக்குத்தான் அப்படி விடுவார்கள்.

நான் மட்டும் உள்ளே போனேன். கயிறு அரைக் கதவுக்கு மேலாக வெளியே போயிற்று. இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் மீஞ்சூர்க்காரியும் கதவில் சாய்ந்துகொண்டார்கள். இத்தனை நேரம் முட்டிக்கொண்டிருந்தது, வெட்கத்தில் அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாடி, ஆச்சா?”

“சத்தமே காணோமேக்கா.”

“வயித்துல இன்னாவோ கோளாறு கீது இவளுக்கு.”

“எல்லாரும் அந்தாண்ட திரும்பி ரெண்டு காதையும் பொத்துங்கடி!” என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். வெளியே சத்தம் அடங்கிப்போயிற்று. வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பொம்பளைகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் ஆட்கள் கையைத் தூக்கிக் காதைப் பொத்தியதில் கயிறு விறைத்து, என் இடது கை கதவு உயரத்துக்குப் போய்விட்டது. பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் ஒருவழியாக முடித்தேன். அவ்வளவு நிம்மதியை அதற்குப்பிறகு நான் அனுபவித்ததில்லை.

வெளியே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், “எனக்கும் வருதுடி” என்றாள்.

அவள் உள்ளே போனாள். நான் திரும்பி நின்று, கயிறு நன்றாக விறைக்கும்படி இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.