சீனிக் கிட்டங்கிக்குப் போன சனிக்கிழமை

என்ரை மனுசன், இவர், கண்ணை மூடி ஐந்து மாதம். 2008 மாசியில் ஒரு சனிக்கிழமை, என்னோடை ஒஃபிஸ் கிளீனிங் செய்யிற கானா நாட்டுக்காரி கிரேஸ், "வீட்டுக்குள்ளை கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போறாய், வெளிக்கிடு" எண்டு இழுத்துக்கொண்டு போனாள். போன இடம் சந்தோசமான இடமில்லை. அடிமை வியாபாரத்தைப் பற்றின மியூசியம். போக நினைக்கிற ஆக்களுக்காக வழியையும் எழுதுறன்.

அந்தக் கிழமை எனக்கொரு முடிவும் சொல்லவேண்டி இருந்தது. இவரின்ரை ஊர்க்காரர் செல்வம் அண்ணை தோர்ண்டன் ஹீத்தில் சாப்பாட்டுக்கடை போடுறார். "நீங்கள் சமையுங்கோ தங்கச்சி, பாதிப் பங்கு உங்களுக்கு" எண்டு கேட்டவர். முந்தி இவரையும் மூன்று தரம் கேட்டவர். இவர் ஒருநாளும் ஓம் எண்டதில்லை.

காலமை தோர்ண்டன் ஹீத்தில் 9.50 ரெயின். விக்டோரியாவுக்கு இருபத்தைந்து நிமிசம். கிரீன் பார்க்கில் மாறி கனரி வோர்ஃப். அங்கையிருந்து பத்து நிமிச நடை. நாள் ரிக்கற் ஏழு பவுண், மியூசியத்துக்கு ஐந்து பவுண். நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனன். "உன்னைக் கண்டால் கஃபேக்காரன் கடையைப் பூட்டிப்போடுவான்" எண்டு கிரேஸ் பகிடி விட்டாள்.

மியூசியம் எண்டாலும் அது முந்தி மூட்டை அடுக்கிவைச்ச பழைய செங்கல் கிட்டங்கிதான். அடிமையள் வெட்டின கரும்பின்ரை சீனி கப்பலில் வந்து இங்கைதான் இறங்கினதாம். உள்ளுக்கை ஒரே இருட்டு. எனக்கு இங்கிலீஸ் வாசிக்க நேரமெடுக்கும், கிரேஸ்தான் வாசிச்சுச் சொன்னாள். ஆபிரிக்காவில் துணி, பாசிமணி, துவக்கு, வெடிமருந்து குடுத்து ஆக்களை வாங்கினவையாம்.

"வெள்ளைக்காரர் காட்டுக்குள்ளை போய்ப் பிடிச்சவையோ?" எண்டு கேட்டன்.

கிரேஸ் சிரிச்சாள். "அவைக்குக் காடு தெரியுமே? எங்கடை ஆக்கள்தான் பிடிச்சுக் குடுத்தவை. துவக்கு வேணுமெண்டால் ஆள் குடுக்கவேணும். துவக்கு இல்லாட்டி உன்னைப் பிடிச்சுக் குடுப்பாங்கள்."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுதானே."

"முடிஞ்சுதோ? தெம்பான ஆக்களையெல்லாம் கப்பலில் ஏத்திப்போட்டாங்கள். தோட்டம் செய்ய ஆளில்லை, நெய்ய ஆளில்லை. மிஞ்சினவன் பக்கத்து ஊரானுக்குப் பயந்தான். என்ரை அப்பாவுக்கு லொறி வாங்க ஆசை. நாலு பேர் சேர்ந்தால் வாங்கியிருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆக்களோடை சேரமாட்டன் எண்டு நிண்டவர். அவை ஆள் வித்த ஆக்களாம்! அதை அப்பாவும் கண்டதில்லை, அவரின்ரை அப்பாவும் கண்டதில்லை. கடைசிமட்டும் கொக்கோ மூட்டையைத் தலையில்தான் சுமந்தவர்."

எனக்கு இவரின்ரை நினைவுதான் வந்தது. ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் இவரைத் தலையாட்டி காட்டிக் குடுத்தவன். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன்: ஆமி ஊரை வளைச்சு எல்லாரையும் வரிசையாய் விடும். முகத்தைச் சாக்கால் மூடின ஒருத்தன் இருப்பான், கண் மட்டும் தெரியும். அவன் தலையாட்டினால் கொண்டு போயிடுவாங்கள். ஊராளாய்த்தான் இருக்கும். ஆரெண்டு இவருக்குக் கடைசிமட்டும் தெரியாது. ஆமி விட்டு லண்டன் வந்தும் ஊராக்கள் ஒருத்தரோடையும் தொழிலில் சேரேல்லை. பதினெட்டு வருசம் பெற்றோல் ஸ்டேசனில் தனிய நைட் ஷிப்ட்.

ஒருநாள் நடந்ததுக்கே இவர் இப்பிடி ஆனார். தலைமுறை தலைமுறையாய் ஆள் பிடிச்ச நாடுகள் எப்பிடி எழும்பும்? ஆபிரிக்கர் சோம்பேறியள், அதுதான் முன்னேறேல்லை எண்டு எங்கடை தமிழ்க் கடையளில் கதைப்பினம். நானும் கேட்டுக்கொண்டு பேசாமல் நிண்டனான். இனி ஏலாது.

போறாக்கள் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கோ. கால் வலிச்சால் இருக்கப் பெஞ்சு குறைவு. சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். தனியப் போகவும் வேண்டாம், பிறகு ஆரோடையாவது கதைக்கவேணும் போல இருக்கும்.

திரும்பி வரேக்கை மூன்றரை. நேரை செல்வம் அண்ணையின்ரை கடைக்குப் போனன். உள்ளுக்கை புதுப் பெயின்ற் மணம். என்னைக் கண்டதும் கடைப் பூட்டின்ரை இரண்டாவது திறப்பை எடுத்து நீட்டினார். "யோசிச்சியளோ தங்கச்சி?"

இவரின்ரை சவப்பெட்டியைத் தோளில் தூக்கின மனுசன். ஓம் எண்டு சொல்லத்தான் போனனான். ஆனால் என்னையறியாமல், சாக்கு மூடின முகத்தில் தேடுற மாதிரி, அவரின்ரை கண்ணையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

"அண்ணை, சமைக்க வாறன். சம்பளம் தாங்கோ. பங்கு வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"தெரியேல்லை அண்ணை."

அவர் திறப்பைத் திரும்பப் பொக்கற்றுக்குள்ளை போட்டார்.