முந்நூற்றுப் பத்து வாட்

“பேட்டரி புதுசுன்னு சொன்னியா இல்லியாடா மாப்ள...”

“புதுசு மாதிரின்னு சொன்னேன் மாமா, புதுசுன்னு எப்ப...”

“மாதிரியா? மூணு நாளா ஏழு கம்ப்யூட்டரும் பொத்துப் பொத்துன்னு...”

“பெட்டியில கோளாறு. பேட்டரி மேல பழி போடாதீங்க.”

யு.பி.எஸ். அறை என்பது பெயருக்குத்தான். துடைப்பமும் வாளியும் வைக்கிற இடுக்கு அது. அதற்குள் மெக்கானிக்கும் அவர் மச்சினனும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு மேனேஜரம்மா நின்றார். இந்த மூன்று பேரும் இன்றும் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கட்டிவிட்ட கதை என்றால் யாராவது ஒருவர் நேரத்தை மாற்றிச் சொல்லியிருப்பார்.

வீட்டு வரைபடம் போடும் ஆபீஸ் அது. பேட்டரி மாற்றி மூன்று நாள். மூன்று நாளும் பிற்பகல் சரியாக 3.40க்கு, கரண்ட் இருக்கும்போதே, யு.பி.எஸ். பேட்டரிக்குத் தாவியது. பதினோரு நிமிடம் பீப் அடித்தது. 3.51க்கு எல்லாம் அணைந்தது. பாதி வரைந்த வீடுகள் அதோடு போயின. மேனேஜரம்மா உரக்கப் பேசுகிறவர் இல்லை. இன்றைக்கும் நின்றால் பெட்டியோடு நீங்களும் கிளம்பலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கின் கவனம் பாதி வீட்டில். மனைவிக்கு நுரையீரல் பழுது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் பத்து நிமிடம் தாங்காது. அதுவும் யு.பி.எஸ்.ஸில்தான் ஓடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் போட்டு மெஷின் ஓடுகிறதா என்று கேட்பார். ஓடாமல் என் தம்பி மாதிரி படுத்துத் தூங்கவா செய்யும் என்பாள். அந்தக் கேலியைக் கேட்டால்தான் அவருக்கு அடுத்த வேலையில் கை போகும்.

அன்று அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். எர்த் பார்த்தார். மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில், 3.35க்கு, ஏழு கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். இழுக்க ஆளே இல்லாத பெட்டி எப்படிச் சாகிறது, பார்த்துவிடலாம்.

3.40.

டக்.

பீப்... பீப்...

மேனேஜரம்மா மேலே பார்த்தார். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது.

மெக்கானிக் பெட்டியின் திரையைப் பார்த்தார். எதுவும் மாட்டாத பெட்டி லோடு பூஜ்யம் என்று காட்ட வேண்டும். முந்நூற்றுப் பத்து வாட் காட்டியது.

அவருக்குப் பழகிய எண். வீட்டில் தினமும் பார்க்கிற எண். ஆக்சிஜன் மெஷின் இழுக்கிற அளவு.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக்.

மெஷின் மூச்சு விடும் சத்தம்.

பொத்தானை அழுத்தினார். அணையவில்லை. பேட்டரி வயரையே கழற்றிக் கையில் பிடித்தார்.

பீப்... பீப்... நிற்கவில்லை.

3.44.

பேட்டரி யார் வீட்டுடையது என்று மெதுவாகக் கேட்டார். ஒரு வாத்தியாரம்மா வீட்டில் கழற்றியது என்றான் மச்சினன். தனியாக இருந்தவர். மூச்சுக் கோளாறு, ஆக்சிஜன் மெஷினில் இருந்தவர். போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னாராம். அந்தம்மா இறந்த அன்று கரண்ட் போனது 3.40க்கு. பீப் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. கடிகார அலாரம் என்று நினைத்தார்களாம். பதினோரு நிமிடம் கேட்டதாம்.

எந்த வீடு என்று மெக்கானிக் புரிந்துகொண்டார். பச்சை கேட் வீடு. பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை தம்பி, வந்து பாருங்கள் என்று அன்று காலை மூன்று தடவை போன் செய்தாரே அந்தம்மா. அவர் இதே இடுக்கில் இதே பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். அப்புறம் மறந்தே போனார்.

மொத்தம் நாலு பேட்டரி, மீட்டரில் நாலும் நன்றாகத்தான் காட்டியது என்று மச்சினன் முணுமுணுத்தான்.

இங்கே இருந்தது இரண்டு.

“மீதி ரெண்டு?”



“காலையில அக்கா மெஷினுக்கு மாத்திட்டேன் மாமா. அவளுக்குன்னு நல்லதாப் பாத்துத்தான்...”

3.48. வீடு போக முக்கால் மணி நேரம்.

வீட்டுக்குப் போன் போட்டார். அடித்தது... அடித்தது... எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால்... பீப்... பீப்...

“மெஷின் பிளக்கப் புடுங்கி நேரா சுவத்துல போடு. உடனே.”

“கைக்கு... எட்டல.” மூச்சு இழுத்தது. “யாரோ ஒரு பெரியம்மா... குறுக்க உக்காந்திருக்காங்க. உங்களத்தான்... கேக்குறாங்க. நாளைக்கு வர்றேன்னீங்களாம்.”

3.50.

இடுக்கில் பீப் வேகமெடுத்தது. போனிலும்.

“போன அவங்ககிட்ட குடு.”

ஏதோ உரசியது. யாரோ வாங்கினார்கள்.

அங்கே மூச்சுச் சத்தமே இல்லை.

3.51.

இரண்டு பீப்பும் ஒன்றாக நின்றன.

“அம்மா... நாளைக்கு இல்லம்மா. இன்னிக்கே வர்றேன். இந்தா, கெளம்பிட்டேன்... கேக்குதா?”