எங்கள் ஊரில் இல்லாத வியாதி

எங்கள் ஊரில் எய்ட்ஸ் இல்லை. மருதனார்மடம் சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வெங்காயம் நிறுப்பதை நிறுத்தாமலே சொல்லுவார்கள். அது கரைப்பக்கத்து வியாதியாம், வள்ளங்கள் போய்வருகிற இடமல்லவா. வல்வெட்டித்துறையில் கேட்டால், "சீ, இஞ்சை எங்கை? அது யாழ்ப்பாணம் ரவுணிலை" என்பார்கள். ரவுணில் கேட்டால் கொழும்பைக் காட்டுவார்கள். கொழும்பிலிருக்கும் என் சித்தியோ வெள்ளைக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். இப்படி எல்லாரும் விரட்டிவிட்ட வியாதி, போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தது.

எப்படி என்று கேட்பீர்கள். முறைப்படி கல்யாணம் கட்டித்தான். குறிப்புப் பார்த்தார்கள், செவ்வாய் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் பாட்டன் குடிப்பவரா என்றுகூடச் சந்தியில் விசாரித்தார்கள். இரத்தம் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்குத்தான் வராதே! என் புருசன் வெள்ளிக்கிழமை விரதம் தவறாத மனுசன். அவர் கண்ணை மூடிய பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், கிருமி அடங்கிக் கிடக்கிறது. கிளினிக்கில் கூட்டம் பெரிதல்ல. ஆனால் "எங்களிட்டை இல்லை" என்று சொல்லும் எல்லாத் திசையிலிருந்தும் ஆள் உண்டு. சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் தெரியும். அம்மா நன்றாக அழுதார். அழுது முடித்ததும் பரணில் கிடந்த, தண்ணீர் குடிக்கிற ஒரு பழைய பேணியை எடுத்தார். ஒரு காலத்தில் தோட்டத்து வேலைக்கு வருபவர்களுக்கு எங்கள் வீட்டில் தனிப் பேணி. அது எந்தக் கோதாரி நியாயம் என்று விளக்கத் தேவையில்லை. அதில் குடிக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லிப் பல காலமாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் அதை எறிய மனம் வரவில்லை. தேய்த்துக் கழுவிக் கிணற்றடியில் ஆணியில் மாட்டிவிட்டு, "பிள்ளை, இது உனக்கு" என்றார்.

"பேணியாலை தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவர், அம்மா."

"அவர் ஆயிரம் சொல்லுவார்."

சமையலும் எனக்குத் தடை. அந்தப் பேணியில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் முதலில் அழுகை வரும், பிறகு கோபம் வரும். பெற்ற தாயே என்னைத் தள்ளி வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நிலையில் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என் கதையைத் தங்கச்சி மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கூட வந்த அவருடைய பெரியப்பாவுக்குத்தான் தெரியாது. அவர் வடையைக் கடித்தபடி நாட்டு நடப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தைப் பெடியள் கெட்டுப்போச்சினம். எண்டாலும் பாருங்கோ, உந்த எய்ட்ஸ் கிய்ட்ஸ் எங்கடை ஆக்களிலை ஒருத்தருக்கும் இல்லை. நாங்கள் ஒழுக்கமான சனம்."

"ஓம், ஓம்" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

ஒழுக்கமான சனம் கை கழுவக் கிணற்றடிக்குப் போனது. ஆணியில் மாட்டியிருந்த என் பேணியை எடுத்தது. வாளித் தண்ணீரை அள்ளி மடக்கு மடக்கென்று குடித்தது. அம்மா வாயைத் திறந்தார், மூடினார். வேண்டாம் என்று தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். பெரியப்பா இன்னொரு பேணியும் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று சான்றிதழும் தந்தார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

அவர்கள் போனதும் அம்மா என் கையைப் பிடித்தார். "அந்த மனுசனுக்கு ஏதும் வந்திடுமோ?"

"வராது."

"சத்தியமாவோ?"

"சத்தியமா வராது. கிணத்தை இறைச்சுக் குடிச்சாலும் வராது."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் விடவில்லை. "அவருக்கு வராட்டி உங்களுக்கு மட்டும் எப்பிடியம்மா வரும்?"

அம்மா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் பெரியப்பா போன் எடுத்து, எல்லாருக்கும் சம்மதம் என்றார். அம்மா அதைக் காதில் வாங்காமல், "உங்கடை உடம்புக்கு ஒண்டும் இல்லைத்தானே? காய்ச்சல் கீய்ச்சல்?" என்று துருவினார். இப்படிப் பாசமான சம்பந்தி கிடைக்குமா என்று பெரியப்பா உருகிப்போனார்.

அன்று மத்தியானம் மிஞ்சிய சோற்றையும் கறிகளையும் சட்டியில் போட்டு அம்மா என் முன்னால் வைத்தார். குழைத்து உருண்டை உருண்டையாக உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"நீ குழை" என்றார்.

கொஞ்சம் உப்புத் தூவிக் குழைத்தேன். முதல் உருண்டையைத் தங்கச்சி வாங்கி வாயில் போட்டாள். அடுத்ததற்கு அம்மா கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு முழு உருண்டையையும் வாயில் போட்டு மென்றார்.

"உப்புக் காணாது" என்றார். "சமையலை மறந்தே போனியோடி?"

ஒரு குறை கேட்டு நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.