முடிசூட்டுக்கு வராத தாய்

அரபு நாட்டில், மங்காஃபில் இருக்கும் எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களைவிட, ஊரில் நடந்த கல்யாணப் படத்தில் தங்களையும் சேர்க்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். ஸ்டூடியோ கோட்டு ஒன்றை மாட்டிவிட்டு, நிற்கவைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். இது பித்தலாட்டம்தானே என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

அதைத் தீர்த்துவைத்தவர் ஒரு பிரெஞ்சு ஓவியர். மகளின் சரித்திரப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். சும்மா இருக்கிற ஆள் இல்லை. அரசனின் தலையை வாங்க ஓட்டுப் போட்டார். குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்ட தோழரைத் தியாகியாக வரைந்தார். காற்று மாறியதும் ஜெயிலுக்குப் போனார். பிறகு, பேரரசனாகிவிட்ட தளபதி ஒருவனுக்கே ஓவியராகி, அவன் முடிசூட்டு விழாவைச் சுவர் அகலத்துக்கு வரைந்தார். மகனோடு மனஸ்தாபம், பேரரசனின் தாய் விழாவுக்கு வரவே இல்லை. படத்திலோ நட்டநடுவே உட்கார்ந்திருக்கிறாள்! அட, நம்ம ஆள் என்று கைதட்டினேன்.

போன வருஷம் தூத்துக்குடிப் பக்கத்து டிரைவர் ஒருவர் மகளின் கல்யாணப் படத்தோடு வந்தார்.

"லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டான் கபீல் மொதலாளி. மக கோவத்துல போனே எடுக்க மாட்டேங்கா அண்ணே. அவ பக்கத்துல என்னைய நிப்பாட்டிருங்க. பாத்தா மனசு எளகிரும்லா?"

வேலை செய்துகொண்டே ஓவியரின் கதையைச் சொன்னேன். டிரைவர் அந்தத் தாயைப் பற்றிக் கேட்கவில்லை.

"வரைஞ்சவரு கடைசில என்ன ஆனாரு?"

"பேரரசன் விழுந்ததும் நாட்டை விட்டே போக வேண்டியதாப் போச்சு. வெளிநாட்டுலயே செத்தாரு. உடம்பக்கூட ஊருக்குள்ள விடல."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் கறுத்துவிட்டது. ஊர் போய்ச் சேராமலே செத்துவிடுவோமோ என்று இங்கே இருக்கிற எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம்தான் அது.

படம் முடிந்ததும் அங்கேயே நின்று மகளுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்தப் படத்த நான் வீட்டுல மாட்ட மாட்டேன்ப்பா." கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுதுவிட்டாள். "லீவு கெடைக்கும்போது வாங்க. அதே சேலையக் கட்டிக்கிட்டு உங்க பக்கத்துல நிக்கேன். நெசமாவே எடுப்போம்."

"சரிம்மா" என்றார் அவர். போனை வைத்ததும், "அப்ப இத அழிச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணே. பெருசா ஒரு பிரிண்ட் போடுங்க. நான் ஊருக்குப் போற வரைக்கும் ரூம்ல மாட்டிக்கிடுதேன்."